பிணம் அழுத காட்சி

என் அப்பாவைப் பிணமாக நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் அவர் உயிரோடுதான் இருந்தார். முதல் தடவை எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், தோட்டமே கூடி நின்று வேடிக்கை பார்க்க. இரண்டாவது தடவை தொலைக்காட்சிப் பெட்டிக்குள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவையை நினைத்தால், இரண்டு பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருக்கும் இந்த வயதிலும் சிரிக்க முடிவதில்லை.

இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். அடிதடிப் படம். கதாநாயகன் தனியாளாக நின்று நூறு பேரைச் சுட்டுத் தள்ளுவான். சும்மா சுட முடியாதல்லவா, அவனுக்குக் கோபம் வர ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம்தான் நாங்கள். வில்லனின் ஆட்கள் ஓர் ஏழை ஊருக்குள் புகுந்து நாலைந்து பேரைக் கொன்றுவிடுவார்கள், அந்தச் சாவு வீட்டைப் பார்த்துக் கதாநாயகன் பல்லைக் கடிப்பான்.

எங்கள் லயம் அவர்களுக்குப் போதுமான அளவு ஏழையாகத் தெரியவில்லை போலும். பக்கத்திலேயே பலகையால் ஒரு லயம் கட்டி, புதுப் பலகைக்குக் கரி பூசிப் பழசாக்கினார்கள். அந்தப் பொய் லயத்தின் கூரை ஒழுகவில்லை. அதைப் பார்த்து அம்மா எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பிணமாக நடிக்க அப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நெட்டை உருவம், ஒட்டிய கன்னம், பெரிய மீசை. வரிசையில் நின்ற முப்பது பேரில் டைரக்டர் நேராக வந்து அவர் தோளைத்தான் தட்டினார். "ஒங்க மூஞ்சிக்கு மேக்கப்பே தேவையில்லீங்க" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் கேலி செய்ய, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மாதான் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டினவள் வீட்டில் இருக்கப் புருஷனைப் பாடையில் படுக்க வைப்பதா என்று கேட்டாள். கடைசியில், நெற்றியில் காசு வைக்கக்கூடாது, நான் பார்க்க வரமாட்டேன், முடிந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் வாசல் ஏற வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டு விட்டுக்கொடுத்தாள்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. மலைக்கு அந்தப் பக்கம், தோட்டத்தின் இன்னொரு பகுதியான கீழ் டிவிசனில் இருந்தாள். மாமா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், கொழும்பில் துணிக்கடையில் வேலை. எனக்கு அத்தை என்றால் உயிர். எங்கே கண்டாலும் கன்னத்தைக் கிள்ளி இழுத்து, வலிக்கிறது என்று நான் கத்தினால், "வலிக்கத்தான்டி கிள்ளுறேன்" என்பாள். அப்படிப்பட்டவள் ஏழெட்டு மாதமாக எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

காரணம் அக்கா. அக்கா சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணி, பதுளைப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கப் போனாள். எங்கள் லயத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் போனதில்லை. விடிகாலை பஸ்ஸில் ஏறி இருட்டுக்கு முன் திரும்பி வருவாள். அப்போதுதான் அத்தை வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். முறைப்பெண், என் மகனுக்குத்தான், பேசி முடித்து வைத்துவிடுவோம், பொம்பளப் பிள்ளை படித்தது போதும் என்றாள். அப்பா அவளை முன் திண்ணையான இஸ்தோப்பிலேயே நிறுத்திவிட்டார். தட்டை உள்ளே எடுக்கவில்லை. பிள்ளை படித்து முடிக்கட்டும், அதுவரை இந்தப் பேச்சே வேண்டாம் என்று, அக்கம்பக்கம் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். அத்தை தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனவள்தான். அதன்பிறகு தீபாவளிக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. வழியில் கண்டால் தேயிலைச் செடிக்குள் இறங்கி நின்றுகொள்வாள். எனக்கு அப்பா மேல்தான் கோபம். அக்கா படித்தால் படிக்கட்டும், அதற்கு என் அத்தையை ஏன் விரட்ட வேண்டும்?

படப்பிடிப்பு நாளன்று அப்பாவை மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் சாமந்திப் பூக்குவியல். அதற்குள் ஒரு சின்ன மைக்கை ஒளித்து வைத்தார்கள். சுற்றிலும் எங்கள் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழ வேண்டும். அவர்களுக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

தப்பு மேளம் அடிக்கிறவர்தான் முரண்டு பிடித்தார். முதலில் திருவிழா அடி அடித்தார். டைரக்டர் தலையை ஆட்டினார். பிறகு கலியாண ஊர்வல அடி. அதற்கும் ஆட்டினார். கொழும்பிலிருந்து வந்த தமிழ் பேசும் ஏற்பாட்டாளர் ஓடி வந்து, "டைரக்டருக்கு இது சரியில்லையாம், ஒரிஜினலா வேணுமாம்" என்றார்.

"செத்த ஆளு இல்லாம சாவு மேளம் அடிக்கக்கூடாதுங்க" என்றார் தப்புக்காரர். "கேக்குற காதுக்குத் தெரியுமா, இது சினிமாவுன்னு?"

யார் கேட்டார்கள் அவர் பேச்சை! மூன்றாம் தடவை, சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அசல் சாவு அடியையே அடித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அந்த நிமிஷமே நிஜமாக அழ ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த அடிக்கு ஒரே அர்த்தம்தான். கேட்டால் கொழுந்தை அப்படியே போட்டுவிட்டு, யார் வீடு என்று விசாரித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அன்றைக்கு அதற்குமேல் வேலை கிடையாது.

கீழ் டிவிசனில் அது கேட்டிருக்கிறது. அங்கே மலை மறைப்பில் போனுக்குச் சிக்னல் வராது. கடைக்கு மேலே வந்திருந்த கீழ் டிவிசன் பெண் ஒருத்தி, திரும்பிப் போகிற வழியில், குறுக்குப் பாதையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் நின்ற இடத்திலிருந்து கெமரா தெரியாது. பாடை தெரிந்தது, பாடையில் அப்பா தெரிந்தார். புலம்பிக்கொண்டே ஓடிப்போய் அத்தையிடம் சொல்லிவிட்டாள்.

தப்பை நிறுத்த விடாமல் டைரக்டர் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் பலகை லயத்தின் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைக்குள்ளிருந்து ஓர் உருவம் விழுந்து எழுந்து மேலே வந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, உள்ளே பாதிக் கொழுந்து. அத்தை! கயிறு கட்டிக் காவல் நின்ற பையன்கள், நடிக்க வந்தவள் பிந்தி வருகிறாள் என்று நினைத்துக் கயிற்றைத் தூக்கியே விட்டார்கள். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அத்தை கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்பாவின் மேல் போய் விழுந்தாள். முகத்தோடு முகம் வைத்து, காதுக்குள் வாய் வைத்து, அப்படி ஓர் அழுகை அழுதாள். தப்புச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் எங்களுக்கு விளங்கவில்லை. அத்தை எங்கள் பக்கம் வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இதற்காகவாவது அப்பா இன்னும் கொஞ்ச நேரம் செத்துக் கிடக்கட்டும் என்றுகூட நினைத்தேன். பாவி நான்.

டைரக்டர் கத்தினார். தப்பு நின்றது. அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

அத்தை அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மூக்கில் பஞ்சோடு அண்ணன் எழுந்து உட்கார்ந்தால் யார்தான் அலறமாட்டார்கள்? பின்னால் மல்லாந்து விழுந்தாள். அப்போதுதான் கெமராவைப் பார்த்தாள், வெள்ளைக்காரர்களைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அத்தை எழுந்து நின்று, அப்பாவைப் பார்த்தபடியே, தன் வாயில் தானே இரண்டு கையாலும் படார் படார் என்று அடித்துக்கொண்டாள். சாவு வார்த்தையைச் சொல்லிவிட்ட வாய் என்று அடிக்கிறாள் என நாங்கள் நினைத்தோம்.

"நான் அழுதது செத்துப்போன எங்கண்ணனுக்கு. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கொட்டிய கொழுந்தைக்கூட அள்ளவில்லை.

டைரக்டர் இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றாராம். அப்பா பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வேறு யாரோ அவருக்குப் பதிலாகச் செத்தார்கள்.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தோட்டத்தில் 'டெட்பொடி' என்று பட்டப்பெயர். அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆளே அடங்கிப் போனார். மாதத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல், பதுளைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். என்ன வேலை என்றால், "சும்மாதான்" என்பார். சும்மா போகிறவர் எங்கே போவார் என்று அம்மாவுக்கு ஆயிரம் சந்தேகம். குடியா, வேறு ஏதாவதா என்று வாயை மோந்துகூடப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு வருஷம் போனது. படம் வந்ததும் அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருந்த கொழும்பு ஏற்பாட்டாளர் சொல் தவறாதவர், தோட்டத்து ஆபீசுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். படத்தின் டிவிடி. வழவழப்பான பெட்டி, உள்ளே ஒன்றுக்கு இரண்டு தட்டு. ஒன்று கீறுப்பட்டால் மற்றதைப் போட்டுக்கொள்ளத்தான் இரண்டு கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா முடிவு பண்ணினாள். வெள்ளைக்காரனின் முன்யோசனையை மெச்சிக்கொண்டே, இரண்டாவது தட்டைத் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் காம்பராவில் லயமே கூடியது. ஜன்னலுக்கு வெளியிலும் தலைகள். படம் ஓடியது. வெடித்தது, எரிந்தது, லொறி உருண்டது. எங்கள் தேயிலை மலை வந்தபோது கைதட்டினோம். சாவு வீட்டுக் காட்சி கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அதில் அப்பா இல்லை. தப்புச் சத்தம்கூட இல்லை, யாரோ வயலின் வாசித்தார்கள். ஒரு வருஷம் டெட்பொடி என்று பேர் சுமந்த மனுஷனுக்குக் கடைசியில் பிணமாகக்கூட இடம் கொடுக்கவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

"ரெண்டாவது தட்டுல இருப்பாரோ என்னவோ" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள். அம்மா மனசில்லாமல் பெட்டியைத் திறந்தாள்.

இரண்டாவது தட்டில் இருந்தது படமே இல்லை. படம் எடுத்த கதை. அக்காவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், அவள் தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்தில் நின்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாலத்திலிருந்து குதித்தது கதாநாயகன் இல்லையாம், வேறொருவனாம். தீக்குள் ஓடியதும் அவன் இல்லையாம். அடப்பாவி, பிறகு இவன் என்னதான் செய்தான் என்று எல்லாரும் கொதித்துப் போனார்கள். அடுத்தது, எடுக்கும்போது நடந்த கோளாறுகள். வில்லனின் மீசை கழன்று விழுந்தது. கதாநாயகன் வசனம் மறந்து நாக்கை நீட்டினான். எங்கள் தோட்டத்து ஆடு ஒன்று துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் புகுந்து புல் மேய்ந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம் சாமந்திப் பூ வந்தது. அப்பா வந்தார்.

வீடே ஹோ என்று கத்தியது. "டெட்பொடி! டெட்பொடி!" என்று கைதட்டினார்கள். அத்தை ஓடி வந்து விழுந்தாள். அப்பாவின் முகத்தைக் கெமரா கிட்டத்தில் காட்டியது. மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் கோத்து நின்று, கன்னத்தில் வழிந்து, தாடைக்கட்டில் இறங்கியது. டைரக்டரின் குரல் கேட்டது. பிணம் அழுதுவிட்டதால் காட்சியைத் தூக்கி எறிந்தோம் என்கிறார், என்றாள் அக்கா. இந்த ஊர் நடிகையைப் போல அழுகிற ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை, மேளச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள் என்கிறார், என்றாள்.

தப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. பூவுக்குள் ஒளித்த மைக் பிடித்து வைத்திருந்த அத்தையின் குரல், எங்கள் காம்பராவுக்குள் தனியாக, தெளிவாகக் கேட்டது.

"பெரியாஸ்பத்திரியில எனக்கில்ல நாளு சொன்னாங்க அண்ணே… வயித்துல கட்டி, ரெண்டு வருஷம் தாண்டாதுன்னு எனக்கில்ல சொன்னாங்க… ஒனக்குச் சொல்லாமலே போயிரலாம்னு இருந்தேனே… நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடிச் சேலைய நீ எடுத்தாருவேன்னு நெனச்சேனே… ஒனக்கு நான் அழ வந்துட்டேனே…"

சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியாது. யாரோ வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெட்டிக்குள் மட்டும் கோமாளிப் பாட்டு மாதிரி ஒன்று ஓடியது, அடுத்த கோளாறு வந்தது, யாரோ வெள்ளைக்காரன் சேற்றில் வழுக்கி விழுந்தான். அதை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா கடைசியில் வயரைப் பிடுங்கினாள்.

"ஏங்க," என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா தெரியும். காதுக்குள்ள சொல்லியிருக்கா. கேட்டுட்டு ஒரு வருஷமா கல்லு மாதிரி இருந்திருக்கீங்க. கூடப் பொறந்தவதானே? மனுசன்தானா நீங்க?"

வந்திருந்தவர்கள் செருப்பைத் தேடி ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் அவரையே பார்த்தேன். அத்தை சாகப் போகிறாள் என்பது ஓர் அதிர்ச்சி என்றால், அதைத் தெரிந்துகொண்டு இவர் தினமும் எங்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்றார் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. இவ்வளவு கெட்டவரையா அப்பா என்று கூப்பிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. அக்கா தலை குளித்து, அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இனிப் படிக்கப் போகவில்லை, அத்தை வீட்டுக்குப் போகிறேன், மச்சானைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஆகஸ்டில் பரீட்சை. இன்னும் ஆறு மாதம். "கொழும்புல இருக்கிறவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி?" என்று அம்மா கேட்டாள். அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அப்பா தடுக்கவில்லை. பின்னாலேயே நடந்தார். அம்மாவும் நானும் அவர்களுக்குப் பின்னால்.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம்தான். அத்தைக்குக் கேட்டது கிடைக்கப் போகிறது, இனி எல்லாம் சரியாகிவிடும், நோயும்கூடப் போய்விடும் என்றே நம்பினேன்.

அத்தை வாசலில் நின்றாள். நான் கிட்டத்தில் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. ஐயோ, அது அத்தைதானா? ரவிக்கைக்குள் ஆளைக் காணோம். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும், அவளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சேலை கட்டி நின்ற அக்காவை மேலிருந்து கீழ் பார்த்தாள்.

"அத்தே, நான் வந்துட்டேன்" என்றாள் அக்கா.

"ஒன்ன யாருடி கூப்பிட்டது?" என்றாள் அத்தை. "செத்தவன்னு நெனச்சு ஒருத்தன் காதுல சொன்னேன். ஒனக்கா சொன்னேன்? படி ஏறாத. போ."

அக்கா அழுதுகொண்டே ஏதோ சொல்லப் போனாள். அத்தை கையை ஓங்கிவிட்டாள்.

"போன்னா போடி! பரீட்ச எழுதி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கக்கூடாது. மீறி வந்தே, நான் இன்னைக்கே மருந்தக் குடிச்சுட்டுச் சாவேன்."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். ஒன்றரை வருஷத்துக்கு மேலான பிறகு நேருக்கு நேர் அவரிடம் பேசுகிறாள்.

"நீ ஏண்ணே சொன்ன?"

"நான் சொல்லல. அந்தப் பொட்டி சொல்லிருச்சு" என்றார் அப்பா.

"கிளினிக்குக்குப் போறப்ப ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுல பின் சீட்டுல ஒக்காந்து வந்தியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டுத்தான் வருவேன். திரும்பிப் பாத்தா நீ பேசிருவேன்னு பயம். பேசினா வீட்டுல போய்ச் சொல்லிருவ. சொன்னா இந்தக் கழுத படிப்ப விட்டுட்டு இப்படித்தான் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா."

"அதனாலதான் நானும் வாயத் தொறக்கல" என்றார் அப்பா.

"நல்ல வேல செஞ்ச" என்றாள் அத்தை.

அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், இரண்டு பேரும் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. படிப்பை விட்டுவிட்டுத் தேடி வந்த என் அக்காவை இவள் வாசலில் வைத்து நாயை விரட்டுவது மாதிரி விரட்டினாள். என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. இவளுக்காகவா இவ்வளவு காலம் அப்பாவை மனசுக்குள் திட்டினேன்? இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா என் அத்தை? மேலே ஏறி வரும் வழியெல்லாம் அக்கா விம்மிக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி இந்த ஜென்மத்தில் அத்தையோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அக்கா சேலையை மடித்து வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த ஏற்றத்தை எப்படி ஏறினாளோ, வந்து இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கியது அடங்கவே கால் மணி நேரம் ஆனது. அக்கா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடவே இல்லை. அப்பாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, "எங்கடி அந்தச் சின்னக் கழுத? இங்க வா, கன்னத்தக் குடு" என்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. பின்பக்கம் தண்ணீர் கொட்டும் பீலியடியில் போய் நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டாள். ஒரு தடவை அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தாள், எனக்குப் பிடிக்கும் என்று. தொடவில்லை. இன்னொரு தடவை, என்னைப் பிடித்துவிடலாம் என்று எழுந்து வீட்டின் பின்பக்கம் வரை சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். நான் தேயிலைக்குள் இறங்கி ஓடிவிட்டேன். "ஏய், ஓடாதடி, எனக்கு ஓட முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்காவை விரட்டியபோது இந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா காதைத் திருகினாள், அப்பா கெஞ்சினார். நான் அசையவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குத்தான் பிடிவாதம் இல்லை?

அப்படி அவள் வந்தது மொத்தம் பதினொரு ஞாயிற்றுக்கிழமை.

பன்னிரண்டாவது ஞாயிறு நான் காலையிலிருந்தே பீலியடியில் தயாராக நின்றேன். கூப்பிட்டால் இன்றைக்கும் போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. இஸ்தோப்பில் பேச்சுச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா கஞ்சிப் பாத்திரத்தைத் துணியில் கட்டி அப்பாவின் கையில் கொடுத்தாள், அப்பா வேகமாகக் கீழ் டிவிசன் பக்கம் இறங்கிப் போனார். அத்தை வரவில்லை.

தோற்றுப் போய்விட்டாள், இனி என்னைக் கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அன்றைக்கு முழுக்க ஊஞ்சல் ஆடினேன்.